படுக்கையில் ஒன்று, வீட்டில் ஒன்று, குவளையில் ஒன்று: ஆக்ஸ்போர்டின் மூன்று மருந்துச் சோதனைகள்

மருந்துச் சோதனைக்கு ஆள் தேவை என்று ஒரு பல்கலைக்கழகம் அறிவித்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எலிக்குப் பதிலா உன்னை வச்சுப் பார்க்கவா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் எந்தச் சோதனை என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒன்றே மூன்று வெவ்வேறு விதமாக ஆட்களைச் சேர்த்திருக்கிறது. கொரோனாவால் மருத்துவமனையில் படுத்திருந்தவர்களைச் சேர்த்தது ரிகவரி என்ற சோதனை. அதே நோயோடு வீட்டில் முடங்கிக் கிடந்தவர்களைச் சேர்த்தது பனோரமிக். மூன்றாவதில், ஒரு தடுப்பூசியைச் சோதிக்க, நல்ல ஆரோக்கியத்தோடு நடந்து வந்தவர்களுக்கு டைஃபாய்டு கிருமியைக் குவளையில் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தார்கள்.

மூன்றில் எது பயங்கரம் என்று கேட்டால் எல்லோரும் குவளையைத்தான் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், யாரைச் சேர்த்தார்கள் என்பதைப் பார்ப்போம். ரிகவரியில் வாசல் அகலம். கொரோனாவோடு பிரிட்டன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தால் போதும், வயதோ சர்க்கரையோ தடையில்லை. பனோரமிக்கில் 50 வயது தாண்டியிருக்க வேண்டும், அல்லது 18 வயதுக்கு மேல் ஏதாவது நாள்பட்ட நோய் இருக்க வேண்டும். அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும். மாத்திரை கூரியரில் வீட்டுக்கே வந்துவிடும். டைஃபாய்டு சோதனையின் வாசலோ ஊசிக்கண். 18 முதல் 60 வயது வரை, உடம்பில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன்கூட எடுத்தார்கள். கல் இருந்தால் கிருமி அங்கே ஒளிந்துகொண்டு, ஆள் காலமெல்லாம் அதைச் சுமந்து திரிய நேரிடும்.

அப்புறம் சீட்டுக் குலுக்கல். மூன்றுக்கும் இது பொது. யாருக்கு எது என்று டாக்டர் முடிவு செய்வதில்லை, கணினி முடிவு செய்கிறது. பலரும் தயங்கி நிற்பது இங்கேதான்: "எனக்கு மருந்து கிடைக்காத பக்கம் விழுந்துவிட்டால்?"

இந்தப் பயத்துக்கு ரிகவரியைப் போல் பதில் சொன்ன சோதனை வேறில்லை. 2020 மார்ச்சில் திட்டம் எழுதத் தொடங்கி ஒன்பதே நாளில் முதல் நோயாளியைச் சேர்த்துவிட்டார்கள். அந்த நேரத்தில் எல்லோரும் கேட்டது ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து. அந்தச் சீட்டு விழுந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்றுதான் அன்றைக்கு நினைத்திருப்பார்கள். ஜூன் தொடக்கத்தில் முடிவு வந்தது: உயிர் காக்கவில்லை. அதே மாதம் 16ஆம் தேதி வந்த முடிவு டெக்சாமெத்தசோனைப் பற்றியது. பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும், மலிவான, யாரும் கண்டுகொள்ளாத ஸ்டீராய்டு. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 41.4 சதவீதம் பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள். இந்த மருந்தும் பெற்றவர்களில் அது 29.3 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2 சதவீதம் 23.3 ஆனது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் கணக்கு திரும்பிவிட்டது. மருந்து பெற்றவர்களில் 17.8 சதவீதமும் பெறாதவர்களில் 14 சதவீதமும் இறந்தார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாக இருக்கலாம், ஆனால் பலன் இருந்ததற்கு அறிகுறியே இல்லை.

ஆக, ஒரே மருந்து ஒருவருக்குப் பரிசு, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வீண், ஒருவேளை கெடுதல்கூட. எது நல்ல சீட்டு என்று குலுக்கும் நேரத்தில் டாக்டருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சோதனையே நடத்தியிருக்கக் கூடாது.

இந்த விஷயத்தில் மூன்றாவது சோதனை வேறு ரகம். அங்கே டைஃபாய்டு தடுப்பூசி கிடைக்காத குழுவில் விழுந்தால் நோய் வர நல்ல வாய்ப்பு உண்டு என்று முதலிலேயே தெரியும். அந்தக் குழுவுக்கும் ஊசி போட்டார்கள், ஆனால் அது மூளைக்காய்ச்சல் தடுப்பூசி. யாருக்கு எந்த ஊசி என்று போட்டுக்கொண்டவருக்குத் தெரியாது. சுமார் ஒரு மாதம் கழித்து, வயிற்று அமிலத்தைத் தணிக்கும் சோடா உப்புக் கரைசல் ஒரு மடக்கு, பின்னாலேயே கிருமி. அடுத்த இரண்டு வாரம் தினமும் வந்து இரத்தம் கொடுக்க வேண்டும். நோய் உறுதியானால் உடனே ஆன்டிபயாடிக், வராவிட்டாலும் 14ஆம் நாள் கட்டாயம். மனிதரை மட்டுமே நோயாளியாக்கும் கிருமி இது. எலியிடம் சோதித்துப் பார்க்கும் வழி சரிவராது என்பதால்தான் இவ்வளவும். "எலிக்குப் பதிலா" என்ற கேள்விக்கு இங்கே மட்டும் பதில், ஆமாம்.

இனி எண்ணிக்கை. ரிகவரியில் மொத்தம் 40,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பனோரமிக்கில் 25,000-க்கும் மேல். டைஃபாய்டு சோதனையில் 112 பேர். கிருமியைக் குடித்து கணக்கில் சேர்ந்தவர்கள் 103. ஒரு ஆளிடம் கேட்பது குறையக் குறைய, தேவைப்படும் ஆட்கள் கூடுகிறார்கள். எல்லோருக்கும் கிருமியைக் கொடுத்துவிட்டால் யாருக்கு எப்போது நோய் வரும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், நூறு பேர் போதும். டைஃபாய்டு தடுப்பூசி பெறாத 31 பேரில் 24 பேருக்கு டைஃபாய்டு வந்தது. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரித்த புதிய ஊசி போட்ட 37 பேரில் 13 பேருக்கு வந்தது. 2017-இல் இந்த முடிவு வெளியானது. உலக சுகாதார நிறுவனம் அந்த ஊசியை ஏற்றுக்கொள்ள இதுவும் உதவியது. பிறகு நேபாளத்தில் சுமார் 20,000 குழந்தைகளிடம் பார்த்தபோது ஊசி 81.6 சதவீதம் பலன் தந்தது.

பணம் என்று வந்தால் ஒப்பிடவே முடியாது. ரிகவரியில் ஒரு பைசா இல்லை. கிருமி கொடுக்கும் சோதனைகளில் நேரத்துக்கும் சிரமத்துக்கும் ஈடு தருவார்கள். 2021-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி தலைமையில் 36 இளைஞர்களின் மூக்கில் கொரோனா கிருமியை விட்ட சோதனையில் தலைக்குச் சுமார் 4,500 பவுண்டு. ஆபத்துக்கு விலை வைக்கக் கூடாது, நாளுக்குத்தான் கூலி என்பது விதி. காசில்லாத மாணவருக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் புரியும் என்பது வேறு விஷயம்.

இப்போது குவளைக்கு வருகிறேன். சம்மதம் என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால், மூன்றில் சுத்தமான சம்மதம் அங்கேதான். ஆள் தெம்பாக இருக்கிறார், காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கலாம், அம்மாவிடம் சண்டை போடலாம், கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்று எழுந்து போகலாம். ரிகவரியில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரிடம் தாளை நீட்டுகிறார்கள். மயக்கத்தில் இருந்தால் உறவினரோ, சோதனையோடு தொடர்பில்லாத மருத்துவரோ அவர் சார்பில் கையெழுத்திடலாம். உயிர்களைக் காத்த சோதனைதான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பயந்தவரின் சரியும் தெளிந்தவரின் சரியும் ஒன்றல்ல. 2006-இல் லண்டனில் ஒரு தனியார் நிறுவனம் நடத்திய சோதனையில் ஆறு ஆரோக்கியமான ஆண்களுக்கு உறுப்புகள் செயலிழந்தன. எல்லோரும் பிழைத்தார்கள். அந்தச் செய்திதான் இன்னமும் பலர் மனதில் நிற்கிறது. ஆனால் அது மனித உடம்பு அதுவரை பார்த்திராத மருந்து. டைஃபாய்டு கிருமி அப்படி இல்லை, அதன் போக்கும் தெரியும், அடக்கும் மருந்தும் தெரியும்.

நடுவில் இருக்கும் பனோரமிக்கை யாரும் பேசுவதில்லை. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மோல்னுபிராவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை, ஐந்து நாளைக்கு. மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும், டம்மி மாத்திரைகூடக் கிடையாது. தயாரித்த நிறுவனம் கொரோனா தடுப்பூசி போடாதவர்களிடம் நடத்திய சோதனையில், மருத்துவமனையில் சேர்வதும் இறப்பும் 30 சதவீதம் குறைந்ததாக வந்திருந்தது. அமெரிக்க அரசு ஒரு ஆளுக்குச் சுமார் 700 டாலர் கொடுத்து வாங்கிய மருந்து அது. பனோரமிக்கில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மூன்று தடுப்பூசி போட்டவர்கள். மருந்து பெற்ற 12,529 பேரில் 105 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள். பெறாத 12,525 பேரில் 98 பேர். வித்தியாசமே இல்லை. சில நாள் முன்னதாக உடம்பு தேறியது என்பது உண்மை, ஆனால் மாத்திரை கிடைத்தது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதில் எவ்வளவு மருந்து, எவ்வளவு மனசு என்று பிரிக்க முடியாது.

எனக்கு மூன்றிலும் அழைப்பு வந்தால், குவளைக்குத் தயங்கித் தயங்கிச் சரி சொல்வேன் என்று நினைக்கிறேன். படுக்கையில் இருந்தால் யோசிக்காமல் கையெழுத்திடுவேன், பயத்தில்தான். பனோரமிக்கில் மருந்து கிடைக்காத பக்கம் விழுந்திருந்தால், காய்ச்சலோடு 28 நாள் தினமும் இணையத்தில் குறிப்பு எழுதி அனுப்பியிருப்பேனா? இரண்டாம் வாரமே விட்டிருப்பேன். அந்த 12,525 பேரில் எத்தனையோ பேர் எழுதினார்கள்.