ஆடித் தள்ளுபடியில் புருவம், மில்லில் அரைத்த சீயக்காய்

இங்கிலாந்தில் பள்ளி விடுமுறை ஜூலைக் கடைசியில்தான் தொடங்கும். அதனால் பிள்ளைகள் வைத்திருக்கிறவர்கள் ஊருக்குப் போனால் பெரும்பாலும் ஆடியில்தான் போய் இறங்குவோம். கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, ஜவுளிக்கடையில் மட்டும் கூட்டம் அள்ளும். பியூட்டி பார்லருக்கும் ஆடித் தள்ளுபடி உண்டு என்பது எனக்கு இந்த முறைதான் தெரிந்தது. முகூர்த்தம் இல்லாததால் மணப்பெண் அலங்கார வேலை வராது, கை சும்மா இருக்கிறது, விலையைக் குறைக்கிறார்கள், அதைவிட முக்கியமாக அவசரப்படாமல் வேலை செய்கிறார்கள். ஊரில் மைக்ரோபிளேடிங் (புருவத்தில் முடி முடியாகக் கீறி நிறம் ஏற்றுவது) செய்துகொள்ள நினைக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆடியைத்தான் சொல்வேன். ஆறுகிற நாட்களில் முகத்தைக் காட்டியே ஆக வேண்டிய விசேஷம் எதுவும் வராது.

எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே த்ரெட்டிங் பழக்கம். எடுத்து எடுத்து புருவத்தின் வால் பகுதி வளர்வதையே நிறுத்திவிட்டது. தினமும் காலையில் பென்சிலால் வரைந்துகொண்டுதான் வேலைக்குப் போவேன், மழையில் நனைந்தால் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். இங்கே விசாரித்ததில் முந்நூறு பவுண்டுக்குக் குறைவாக உருப்படியான இடம் எதுவும் கிடைக்கவில்லை. சரி, சென்னையில் அண்ணன் வீடு இருக்கிறது, மதுரைக்குப் போவதற்கு முன்னால் அங்கேயே முடித்துவிடலாம் என்று திட்டம்.

முதலில் போனது அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பார்லர். பெயர் வேண்டாம். நாலாயிரம் ரூபாய், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், "லைஃப் லாங் இருக்கும் மேம்" என்றார்கள். இந்த லைஃப் லாங் என்ற ஒரு சொல்லே எழுந்து வரப் போதுமான காரணம். மைக்ரோபிளேடிங்கில் நிறத்தைத் தோலின் மேலடுக்கை ஒட்டித்தான் வைக்க வேண்டும், ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் மெல்ல வெளுத்துப் போகும், போகத்தான் வேண்டும். சாகும்வரை இருக்கும் என்றால் தேவைக்கு மேல் ஆழமாகக் குத்துகிறார்கள் என்று அர்த்தம். தட்டில் ஒரு பிளேடு உறையிலிருந்து எடுத்து ஏற்கெனவே வைத்திருந்தது. யாருக்கு எடுத்தது என்று கேட்டேன், "உங்களுக்குத்தான் மேம், ரெடியா வச்சிருக்கேன்" என்றது அந்தப் பெண். உறையை என் கண் முன்னால் கிழிக்கவில்லையே, எழுந்து வந்துவிட்டேன். அண்ணிக்கு என்மேல் கோபம், பேசி முந்நூறு ரூபாய் வேறு குறைத்து வைத்திருந்தார்.

இரண்டாவது இடம் அண்ணா நகரில். புருவம், உதடு இந்த இரண்டு வேலைதான் செய்வார்கள், முடி வெட்டுவதுகூடக் கிடையாது. தள்ளுபடி போக பதினைந்தாயிரம் ஆனது. அங்கிருந்த பெண் என்னை உட்கார வைத்துக் கேட்ட கேள்விகளில் முதலாவது, "வால் பகுதி மட்டும் கொட்டியிருக்கே, தைராய்டு பாத்தீங்களா?" தைராய்டு சுரப்பு குறைந்தால் புருவத்தின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு உதிர்வது உண்டு. நான் ஏற்கெனவே பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. அப்புறம் சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, காது குத்திய இடத்தில் தழும்பு தடித்ததா, முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுத்தீர்களா, கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா என்று வரிசையாக. இதில் எதற்காவது ஆமாம் என்றால் செய்ய மாட்டாராம், அல்லது டாக்டரிடம் கேட்டு வரச் சொல்வாராம். காதுக்குப் பின்னால் கொஞ்சம் நிறத்தைத் தடவி இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். வந்த அன்றே குத்துகிற இடத்துக்குப் போகாதீர்கள்.

இன்னொன்றும் சொன்னார், இது நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியம். எண்ணெய் வழிகிற முகத்தில் முடி முடியாகக் கீறிய கோடுகள் சில மாதத்தில் ஒன்றோடொன்று கலந்து மங்கிப் போகும். அப்படிப்பட்டவர்களுக்கு மெஷினில் புள்ளி புள்ளியாக வைக்கிற பவுடர் புருவம்தான் நிற்கும். எனக்கு நெற்றி எண்ணெய், கன்னம் வறட்சி. முன்பக்கம் கீறல், வால் பக்கம் புள்ளி என்று இரண்டையும் சேர்த்துச் செய்வதாக முடிவானது.

செய்த அன்று பாதி நேரம் வரைவதற்கே போனது. மையில் தோய்த்த நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து நெற்றியில் ஒற்றி ஒற்றிக் கோடு போடுகிறார்கள், மூக்கின் ஓரத்திலிருந்து, கருவிழியின் ஓரத்திலிருந்து, கண் முடிகிற இடத்திலிருந்து என்று. சுவரில் சுண்ணாம்பு நூல் அடிக்கிற கொத்தனார்தான் ஞாபகத்துக்கு வந்தார். எனக்கு இடது புருவம் வலதைவிடச் சற்று இறங்கியிருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. வரைந்து முடித்ததும் கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டு அவர் வெளியே போய்விட்டார், அவசரமில்லை, நன்றாகப் பாருங்கள் என்று. நான் வளைவைக் குறைக்கச் சொன்னேன். சீரியல் வில்லி மாதிரி மேலே தூக்கின வளைவுதான் இப்போது எல்லாரும் கேட்கிறார்களாம்.

மரக்கச் செய்கிற கிரீமைப் பூசி அரை மணி நேரம் வைத்தார்கள். பிளேடு உறையை என் கண் முன்னால் கிழித்தார், கிழிப்பதற்கு முன் காலாவதித் தேதியைக் காட்டினார். பார்ப்பதற்குப் பேனா மாதிரிதான், நுனியில் வரிசையாக மெல்லிய ஊசிகள், மின்சாரம் எதுவும் கிடையாது. விரலில் மோதிரம் போலப் போட்ட குட்டிக் கிண்ணத்திலிருந்து நிறத்தைத் தொட்டுத் தொட்டுக் கீறுகிறார். வலி பெரிதாக இல்லை, அந்தச் சத்தம்தான் ஒரு மாதிரி. கரக், கரக் என்று நம் தோலிலிருந்தே வந்து காதுக்குள் கேட்கிறது. நிறம் கருப்பு வேண்டாம், அடர் பிரவுன் என்றார். சுத்தக் கருப்பு நிறத்தைத் தோலுக்கடியில் வைத்தால் நாளாக ஆக நீலம் பூத்துவிடும். எங்கள் அம்மாச்சி கையில் இருந்த பச்சையை நினைத்துக்கொண்டேன், சின்ன வயதில் கருப்பாகக் குத்தியதுதான் அது, நான் பார்க்கும்போதெல்லாம் பாசி நிறத்தில்தான் இருந்தது.

இனிமேல்தான் சங்கடம். முதல் மூன்று நான்கு நாள் புருவம் பயங்கரக் கருப்பாக இருக்கும். அடுத்த நாள் வைகை எக்ஸ்பிரஸில் மதுரைக்கு வந்து இறங்கியதும் அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே. "கண்மைய அள்ளி அப்பின மாதிரி இருக்கு, ஆடி மாசத்துல போயி இதச் செஞ்சிட்டு வருவாளா ஒருத்தி" என்று ஆரம்பித்தார், அரை மணி நேரம் நிற்கவில்லை. ஒரு வாரத்துக்குள் சின்னச் சின்னச் செதிலாக உரியும், பிய்க்கக் கூடாது, பிய்த்தால் நிறமும் கூடவே வந்துவிடும். உரிந்ததும் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி வெளுத்திருக்கும், கொடுத்த காசு போச்சு என்று தோன்றும். பயப்பட வேண்டாம், மூன்று நாலு வாரத்தில் புதுத் தோல் தெளிந்ததும் நிறம் மேலே வரும். இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் தூங்கினேன்.

ஆனால் ஆறும்வரை முகத்தில் தண்ணீர் கொட்டக் கூடாது, வியர்க்கக் கூடாது, வெயில் படக் கூடாது, எண்ணெய் வழியவே கூடாது. மதுரையில், அதுவும் ஆடிக்காற்றில் புழுதி பறக்கும்போது வியர்க்காமல் இருப்பதென்றால் ஏசி அறையை விட்டு வரக் கூடாது. எங்கள் வீட்டில் ஆடி வெள்ளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் விடமாட்டார்கள். நத்தத்திலிருந்து அத்தை நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். நெற்றியைத் தொடக் கூடாது என்றால், "அப்ப எதுக்குடி ஊருக்கு வந்த?" என்கிறார். ஆகவே வரிசை முக்கியம். விடுமுறை குறைவாக இருந்தால் எண்ணெய்க் குளியல், மருதாணி எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு, கிளம்புவதற்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது புருவத்துக்குப் போங்கள். எனக்கு விடுமுறை நீளமாக இருந்ததால் தலைமுடி வேலைகளைக் கடைசிக்குத் தள்ளிப்போட்டேன்.

இன்னொரு கணக்கு டச்-அப். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து விட்டுப்போன இடங்களை நிரப்ப வேண்டும், பள்ளி விடுமுறையில் வருகிறவர்களுக்கு அது அநேகமாகக் கிடைக்காது. இங்கிலாந்தில் நிறையப் பேர் வேறு ஒருவர் கைவைத்த புருவத்தைத் தொட மாட்டார்கள், தொட்டால் முழுக் காசு கேட்பார்கள். ஆகவே விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள். அண்ணா நகர்ப் பெண் நான் திரும்பி வரப் போவதில்லை என்றதும் டச்-அப்புக்கான பணத்தைக் கழித்துக்கொண்டார், எந்த நிறம், எந்தக் கம்பெனி, எந்தக் கலவை என்று ஒரு அட்டையில் எழுதியும் கொடுத்தார். இந்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள், எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும் புருவத்தில் நிறம் இருப்பதைச் சொல்ல வேண்டும். ரத்த தானம் செய்கிறவர்கள், புருவம் செய்தபின் இங்கிலாந்தில் நான்கு மாதம் கொடுக்க முடியாது, இந்தியாவில் ஒரு வருடம்.

சரி, தலைமுடிக்கு வருகிறேன். லண்டனைச் சுற்றியுள்ள தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிகிற அதுதான் தலையிலும் படிகிறது. முடி வைக்கோலாகிவிட்டது என்று எல்லாரும் தண்ணீரைத் திட்டுவோம். ஆனால் எங்கள் மதுரை வீட்டு போர் தண்ணீரும் உப்புதான், அதில் குளித்தும் அத்தையின் முடி அறுபது வயதில் இடுப்பைத் தொடுகிறது. குடும்ப வாகு என்று பாதியைக் கழித்தாலும் மீதிக்கு அவருடைய பொடியும் காரணம்.

கடைப் பாக்கெட்டை அத்தை தொட மாட்டார். சீயக்காயைக் காயாகத்தான் வாங்குவார், சிறுமலைப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு கடையில் வாடிக்கை. இரண்டு நாள் மாடியில் வெயிலில் காய்ந்து, கையில் ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். ஒரு கிலோ சீயக்காய்க்கு கால் கிலோ பச்சைப்பயறு, நூறு கிராம் வெந்தயம், ஒரு கை பூந்திக்கொட்டை (விதை நீக்கியது), காய்ந்த செம்பருத்திப் பூ, ஆவாரம்பூ, எலுமிச்சைத் தோல், வாசனைக்குப் பூலாங்கிழங்கு. நான் கூடப் போனேன். சீயக்காய் அரைக்க மில்லில் தனி மெஷின், மாவு மெஷினில் போட்டால் அடுத்து அரைக்கிறவர் வீட்டு இடியாப்பம் கசக்கும். அரைக்கிறவர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார், அப்படியும் தெரு முழுக்கத் தும்மல். முதலில் விழுந்த இரண்டு கைப் பொடியை அத்தை தனியாக எடுத்து ஓரம் வைத்தார், முன்னால் அரைத்தவர் என்ன போட்டாரோ. சுடச் சுட வந்த பொடியை வீட்டில் செய்தித்தாளில் பரப்பி ஆறவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும், சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். எல்லாம் சேர்த்து ஆன செலவு, இங்கே ஒரு நல்ல ஷாம்பூ பாட்டில் விலைகூட இல்லை.

எண்ணெய் தேய்க்காத நாளில் சீயக்காய் போட்டால் தலை வறண்டுவிடும், சோறு வடித்த கஞ்சியில் குழைத்தால் அவ்வளவு இழுக்காது. தினசரிக்கு அரப்புதான் எனக்குப் பிடித்தது. உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த பச்சைப் பொடி, தண்ணீர் விட்டதும் வழவழவென்று வரும், எண்ணெயை எடுக்கும், கண் எரிச்சலும் சீயக்காய் அளவுக்கு இல்லை.

நரைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மதுரையில் ஒரு பார்லரில் "ஹெர்பல் பிளாக் ஹென்னா, இருபது நிமிஷத்துல கருப்பாயிடும்" என்றார்கள். மருதாணி ஆரஞ்சு சிவப்புதான் கொடுக்கும், எத்தனை மணி நேரம் வைத்தாலும் கருப்பாகாது. பாக்கெட்டைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தால் மூலிகைப் பெயர்களுக்கு நடுவே பொடி எழுத்தில் பாரா ஃபினைலீன் டையமின் இருக்கிறது. சாதாரண ஹேர் டையில் இருப்பதுதான், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முகமே வீங்கிவிடும். டை போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, டை என்று சொல்லிப் போடட்டும். நிஜமாகவே இலையில் கருப்பு வேண்டுமென்றால் முதல் நாள் மருதாணி, அலசிக் காயவைத்து, அடுத்த நாள் அவுரி (நீலச் சாயம் எடுக்கிற செடியின் இலை). அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து கால் மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும், வைத்துவிட்டால் சத்துப் போய்விடும். பூசிய அன்றைக்குப் பச்சையாகத்தான் தெரியும், ஒன்றிரண்டு நாளில் கருக்கும். அத்தை பூசிவிட்டார், நெற்றி ஓரத்தில் மட்டும் வாசலின் தடவி, புது புருவத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி.

அதற்குள் என் புருவம் தெளிந்து வந்துவிட்டது, திட்டிய அம்மாவே பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிற நிலைமை. அத்தையும் தனக்குச் செய்ய முடியுமா என்று கேட்டார். அவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், செய்யக் கூடாது என்றேன். பென்சிலாவது வாங்கி அனுப்பு என்றார்.

பொடி இரண்டு கிலோ பெட்டியில் வந்தது. இங்கே குளிக்கிறவர்கள் மெல்லிய துணியில் வடிகட்டிய தண்ணீரை மட்டும் தலைக்கு ஊற்றுங்கள், திப்பியோடு போட்டால் பாத்டப் சாக்கடை அடைத்துக்கொள்கிறது, பிளம்பருக்குக் கொடுக்கிற காசில் ஒரு புருவமே செய்துகொள்ளலாம்.