பெல்ட் இல்லாத ரயில் சீட்: எதில் உட்காரலாம்?

காரில் பெல்ட் போடாவிட்டால் அபராதம். ரயிலில் பெல்ட்டே கிடையாது. அலட்சியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அமெரிக்காவில் ரயில் சீட்டை ஸ்லெட் எனும் சறுக்கு மேடையில் பொருத்தி, 8 ஜி (புவியீர்ப்பைப் போல் எட்டு மடங்கு) வரை ஏறி இறங்கும் கால் நொடி உலுக்கல் கொடுக்கிறார்கள். கணக்குப் போட்டால், சுமார் 35 கி.மீ. வேகம் சட்டென்று பறிபோவதற்குச் சமம். பின்வரிசையில் உட்காரவைத்த டம்மி, அதாவது ஆள் பொம்மை, வழுக்கிக்கொண்டு வருகிறது. முதலில் முழங்கால் முன்சீட்டின் முதுகில் இடிக்கிறது, அப்புறம் தலை. சீட்டின் முதுகு வளைந்து கொடுத்தால் அடி தணியும். சீட் தரையிலிருந்து பெயர்ந்து வந்தால் ஃபெயில். அதாவது, நம் சீட் பின்னால் இருப்பவருக்கும் சேர்த்துத்தான் பரீட்சை எழுதுகிறது.

பெல்ட் வேண்டும் என்கிற கட்சி தோற்பது இங்கேதான். இடுப்பு பெல்ட் மட்டும் போட்டால் இடுப்பு நிற்கும், தலை முன்சீட்டில் போய் இறங்கும். தோள் பெல்ட்டைத் தாங்க சீட்டின் முதுகு விறைப்பாக இருக்க வேண்டும். டீ வாங்கி வந்து உட்கார்ந்தவர் மறுபடி பெல்ட்டை மாட்டுவாரா? மாட்டாதவர் அந்த விறைப்பில்தான் மோதுவார். பிரிட்டனின் ரயில் பாதுகாப்பு வாரியம் இதையெல்லாம் அலசி, 2007-ல் பெல்ட் வேண்டாம் என்றது. ஆட்கள் ஜன்னல் வழியே தூக்கி எறியப்படாமல் இருக்க லேமினேட் கண்ணாடியே மேல் என்றது.

ரயில் போகும் திசைக்கு முதுகைக் காட்டும் சீட்டா? நேருக்கு நேர் மோதலில் அதுதான் சொகுசு; முதுகு முழுக்க அடியைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் எதிரும் புதிருமான சீட்டாக இருந்தால், எதிரே இருப்பவர் நம் மடியில் வந்து விழுவார். இடைவெளி கூடக் கூட, அவர் வந்து மோதும் வேகமும் கூடும்.

நடுவில் மேசை இருந்தால் அவரைத் தடுக்கும், சரி. அவர் வயிறு என்ன ஆகும்? 2002-ல் கலிபோர்னியாவின் பிளாசென்ஷியாவில் பயணிகள் ரயில்மீது சரக்கு ரயில் மோதியபோது, மேசை விளிம்பு வயிற்றில் குத்தி உயிர்கள் போயின. அதன்பின் விளிம்பு நொறுங்கிக் கொடுக்கும் மேசையை வடிவமைத்து, 2006-ல் கொலராடோவின் புவெப்லோ சோதனைத் தடத்தில் ரயில்களையே மோதவிட்டுப் பார்த்தார்கள்.

நல்ல மேசைதான். ஆனால் முன்னால் இருப்பது பழசா புதுசா என்று டிக்கெட்டில் போடமாட்டார்களே. நான் சாதாரண வரிசை சீட்டுக்கே போய்விடுவேன்.