ஆழியாறு மலையில் எரிந்த மஞ்சள் விளக்கும் மூன்று வருட ஓபிடி ஸ்கேனரும்

வால்பாறைக்கு ஏறும்போது லோம்ஸ் வியூ முனை, அதாவது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு. அங்கேதான் என் காரில் இன்ஜின் செக் விளக்கு முதன்முதலாக எரிந்தது. இன்னும் 31 வளைவு பாக்கி. வண்டி இழுவையில் குறை தெரியவில்லை, ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலில் மட்டும் லேசான நடுக்கம். திரும்பி வந்து பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினால், புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்று சொல்லி ஐந்திலக்கத்தில் எஸ்டிமேட் நீட்டினார்கள். அந்தக் கடுப்பில் வாங்கியதுதான், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறுகளை போனில் காட்டும் இந்த புளூடூத் ஓபிடி ஸ்கேனர்.

முதலில் வாங்கியது தண்டம். இந்தக் கருவிகளுக்குள் இருக்கும் இஎல்எம்327 என்ற சிப்பின் நகல், அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. போனோடு சேரும், வண்டியோடு பேசாது. இரண்டாவதாகக் கொஞ்சம் விலை கூட்டி வாங்கியது இன்று வரை ஓடுகிறது. ஐபோன்காரர்கள் கவனிக்க: பழைய வகை புளூடூத் கருவிகள் உங்கள் போனில் வேலை செய்யாது, வைஃபை அல்லது பிஎல்இ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை புளூடூத்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் சொருகி, இக்னிஷன் போட்டால் போதும். பி.எஸ்.4 புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு, இந்தக் கருவி பேசும் ஓபிடி 2 முறை கட்டாயமானது 2013 ஏப்ரலில். என்னுடையது 2015 மாடல் பெட்ரோல் வண்டி என்பதால் சிக்கலில்லை. மாமாவின் பழைய ஜீப்பில் சொருக இடமே இல்லை, அவருக்கு அதில் ஒரு பெருமை வேறு.

சொருகியதும் வந்த கோடு, அதாவது கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண், பி0171. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். இதை எடுத்துக்கொண்டு உடுமலை ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டிகளைப் பார்ப்பவர்.

"அண்ணா, சென்சார் போயிருச்சுன்னு சொல்றாங்க."

"சென்சார் பொய் சொல்லுதுன்னு அவுங்களுக்கு யார் சொன்னதுங் தம்பி? அது நெசத்தச் சொன்னாலும் வெளக்கு எரியுமில்ல?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் கோடு எண்ணைத் தாண்டி, இன்ஜின் ஓடும்போதே எண்கள் மாறுவதைக் காட்டும் லைவ் டேட்டா பக்கம் போனேன். அதில் ஃப்யூயல் ட்ரிம் என்று ஒன்று. புகையில் ஆக்ஸிஜன் மிச்சமிருந்தால் இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூ பெட்ரோலைக் கூட்டும். எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அந்த எண். பத்துக்குள் ஏறி இறங்கினால் பயமில்லை. என் வண்டியில் ஐடிலில் 23. ஆக்சிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் 6.

விஷயமே அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ பலவீனமென்றால், மிதிக்க மிதிக்க எண் ஏறியிருக்கும். இங்கே தலைகீழ். உள்ளே போகும் காற்றை மாஃப் சென்சார் அளந்துவிடுகிறது. ஆனால் அதைத் தாண்டி எங்கேயோ ஒரு ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று புகுகிறது. ஐடிலில் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. காற்றுக் கதவான த்ராட்டில் திறந்தால் அதே ஓட்டை ஒரு பொருட்டில்லை.

அண்ணன் இன்ஜின் ஓடும்போதே ஹோஸ் ஹோஸாக கார்ப் கிளீனரைத் துளித்துளியாக அடித்தார். (தீப்பிடிக்கும் சரக்கு, சூடான இன்ஜினில் நீங்களாகச் செய்ய வேண்டாம்.) இன்ஜினுக்குள் சேரும் ஆவியைக் காற்றுப் பாதைக்குக் கொண்டுபோகும் பிரீதர் ஹோஸின் அடிப்பக்க வளைவில் பட்டதும் போனில் ட்ரிம் சடாரென்று இறங்கியது. கையை விட்டுத் தடவினால் விரல் நகம் அளவு வெடிப்பு. ஹோஸ் 180 ரூபாய், கூலி 200. சென்சார் இன்றும் அதே பழையதுதான்.

அடுத்த வருடம் பல்லடம் தாண்டிப் போகையில் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. நிலையாக எரிந்தால் வீடு வரை ஓட்டலாம். மின்னினால் ஓரங்கட்டிவிட வேண்டும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் அதைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். பேக்கரி ஓரமாக நிறுத்தினேன். பி0303, மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஒரு டீ குடித்து இன்ஜின் ஆறியதும், பத்தாம் நம்பர் ஸ்பானரால் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில்களில் இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றி மாட்டினேன். கோடு பி0302 ஆனது. காயிலோடு சேர்ந்து கோளாறும் நகர்ந்துவிட்டது. பிளக், இன்ஜெக்டர் மேல் சந்தேகம் தீர்ந்தது.

என் முட்டாள்தனங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை விளக்கைப் பார்க்கப் பிடிக்காமல் கோடு எண்ணை அழித்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். கோளாறு வந்த நொடியின் வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு எல்லாம் பதிந்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் கூடவே அழிந்தது. "சாட்சிய வெரட்டியுட்டுட்டு வந்து கேசச் சொல்றீங்களாக்கு" என்று அண்ணன் கேட்டார். இன்னொன்று, கருவியைச் சாக்கெட்டிலேயே விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்காக பஸ்ஸில் கரூர் போனது. 16ஆம் பின்னில் சாவியை எடுத்தாலும் பேட்டரி கரன்ட் இருக்கும். பன்னிரண்டு நாள் கழித்து வந்து சாவி திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் உருவி டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவிடுகிறேன்.

தூரப் பயணத்தில் இரண்டு எண்ணை மட்டும் திரையில் வைப்பேன். கூலன்ட் சூடு 90ஐ ஒட்டி இருக்க வேண்டும். சார்ஜிங் வோல்ட்டேஜ் 14ஐ ஒட்டி. என் வண்டியில் சூடு காட்டும் முள் கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான், அதனால் மலையேற்றத்தில் இது பெரிய நிம்மதி.

ஆனால் இன்ஜினைத் தாண்டினால் இந்த மாதிரிச் சாதாரண கருவிக்குப் பெரும்பாலும் கண் தெரியாது. போன மாதம், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு எரிந்தபோது, 'பிழை எதுவும் இல்லை' என்று பச்சையாகக் காட்டியது. அண்ணன் போனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன் இடது சக்கரத்தைக் கழற்றினார். சக்கர வேகத்தைப் பார்க்கும் சென்சார் முனை முழுக்க எங்கள் தோட்டத்துத் தடத்துச் செம்மண் அப்பியிருந்தது.