குலப்பெயரா, பட்டப்பெயரா? ரோமானியரின் பெயர்க் கணக்கு

ரோமானியர் பெயரில் எது முக்கியம், குலப்பெயரா, பட்டப்பெயரா? ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் ஒருவரின் பெயரைப் பாருங்கள்: மார்க்குஸ் துல்லியுஸ் சிசரோ. இதில் நடுவில் நிற்கும் ‘துல்லியுஸ்’தான் குலப்பெயர். கடைசியில் இருப்பது பட்டப்பெயர் மாதிரி தொடங்கி, பிள்ளைகள், பேரன்கள் என்று ஒட்டிக்கொண்டே வந்த கிளைப்பெயர். இதைத்தான் இங்கே பட்டப்பெயர் என்கிறேன். லத்தீனில் ‘சிசர்’ என்றால் கொண்டைக்கடலை. மூதாதை ஒருவரின் மூக்கு நுனியில் கடலைபோலப் பிளவு இருந்ததாம், கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார். அரசியலுக்கு வந்தபோது நண்பர்கள் பெயரை மாற்றச் சொல்லியும் சிசரோ கேட்கவில்லை.

கௌரவம் என்று பார்த்தால் குலப்பெயர்தான் முக்கியம். பட்டப்பெயர் கட்டாயமில்லை, ரோமின் உச்சப் பதவியான கான்சல் பதவியில் ஏழு முறை இருந்த காயுஸ் மாரியுஸுக்கே அது கிடையாது. ஆனால் ஆளை அடையாளம் காட்ட என் ஓட்டு பட்டப்பெயருக்கே. ‘கொர்னேலியுஸ்’ என்று கூப்பிட்டால் ஸிப்பியோவும் திரும்புவார், சுல்லாவும் திரும்புவார். ‘ஆப்பிரிக்கானுஸ்’ என்றால் சட்டென்று புரியும்: கி.மு. 202இல் வட ஆப்பிரிக்காவின் ஸாமாவில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலை வென்ற ஸிப்பியோ. கி.பி. 212இல் பேரரசர் கரகல்லா பேரரசின் சுதந்திர மக்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் குடியுரிமை தந்தார். எக்கச்சக்கமான பேர் அவருடைய குலப்பெயரான ‘அவுரேலியுஸ்’ஐச் சூட்டிக்கொண்டார்கள். அப்புறம் அந்தப் பெயரை வைத்து யாரைத் தேடுவது?

பெண்கள் பாடு இன்னும் மோசம். குலப்பெயரின் பெண்பால் வடிவமே அவர்கள் பெயர். சிசரோவின் மகள் துல்லியா. ஆக்டேவியாவுக்கும் மார்க் அந்தோனிக்கும் பிறந்த இரு மகள்களும் அந்தோனியாதான். ஒருத்தி மூத்தவள், இன்னொருத்தி இளையவள்.