மேம்படுத்திய சம்பா மசூரி விதைநெல்: கருகலுக்கு எவ்வளவு தாங்கும்?

தமிழ்நாட்டில் ஆந்திரா பொன்னி என்று பேர் வாங்கிய சம்பா மசூரி, அதாவது பி.பி.டி 5204 நெல்லுக்குச் சமையலில் குறை சொல்ல முடியாது. பாக்டீரியா இலைக்கருகல் வந்தால்தான் படுத்துவிடும். அந்த ஒரு குறைக்காக ஐதராபாத் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் சி.சி.எம்.பி. என்ற உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமும் சேர்ந்து உருவாக்கி 2008ல் வெளியான ரகம்தான் மேம்படுத்திய சம்பா மசூரி. மரபணு மாற்றுப் பயிர் அல்ல. மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஒட்டுச்சேர்த்து, அவை வந்து சேர்ந்தனவா என்று காட்டும் டி.என்.ஏ. அடையாளக் குறியீடு பார்த்துத் தேர்ந்தெடுத்தது.

மூன்றில் முக்கியமானது எக்ஸ்ஏ21. காட்டு நெல்லிலிருந்து வந்த இது தருவது, செல் சவ்வில் நின்று கிருமியை உணரும் ஏற்பிப் புரதம். பாக்டீரியா வெளியிடும் ராக்ஸ்எக்ஸ் என்ற சிறு புரதத்தில் சல்பேட் ஏறிய டைரோசின் என்ற அமினோ அமிலம் இருந்தால், ஏற்பியின் வெளிப்பகுதி அதைப் பிடிக்கும். உள்ளே இருக்கும், கைனேஸ் என்ற நொதிப் பகுதி தற்காப்பை முடுக்கும். ராக்ஸ்எக்ஸை மாற்றிக்கொண்ட பாக்டீரியா இதன் கண்ணில் படாது. அங்கேதான் மற்ற இரண்டும், எக்ஸ்ஏ13ம் எக்ஸ்ஏ5ம், கைகொடுக்கின்றன. இவை ஏற்பிகள் அல்ல. பயிரின் சர்க்கரையை வெளியே கசியவிடும் மரபணுவைப் பாக்டீரியா தனக்காக முடுக்கிவிடும். அந்தச் சுவிட்சே எக்ஸ்ஏ13ல் மாறியிருக்கிறது. இப்படி மரபணுக்களை முடுக்கப் பாக்டீரியாவுக்குத் துணைபோகும் பயிரின் சொந்தப் புரதம் ஒன்று, எக்ஸ்ஏ5ல் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறி, ஒத்துழைக்க மறுக்கிறது. ஒற்றை மரபணு ரகத்தைவிட இதை நம்பலாம் என்பதற்கு இதுவே காரணம்.

எக்ஸ்ஏ21 நாற்றுப் பருவத்தில் வலு குறைவு. பயிர் வளர வளரத்தான் முழுப் பலம் வரும். ஆகவே நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதீர்கள், வெட்டுவாய் வழியே கிருமி நேராக உள்ளே போகும். தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்.

இலை காய்ந்தால் உடனே ரகத்தைக் குறை சொல்ல வேண்டாம். காய்ந்த பகுதியின் ஓரத்தில் இலையை நறுக்கித் தெளிந்த நீரில் நிறுத்துங்கள். வெட்டுவாயிலிருந்து வெண்புகை போல் இழை இறங்கினால் பாக்டீரியா, இறங்காவிட்டால் வேறு காரணம் தேடுங்கள். எதிர்ப்பை அளந்து பார்க்க, பாக்டீரியாக் கரைசலில் நனைத்த கத்தரியால் இலை நுனியை வெட்டி, 14 நாள் கழித்துக் கருகலின் நீளத்தைப் பழைய பி.பி.டி.யோடு ஒப்பிடுவது ஆய்வாளர் வழக்கம். வயலில் அதைச் செய்து கிருமியைப் பரப்ப வேண்டாம்.

குலைநோய்க்கு இந்த மூன்று மரபணுக்களும் உதவாது. அதற்கான கண்காணிப்பைக் குறைக்கக் கூடாது. மற்றபடி அரிசி பழைய பி.பி.டி.யைப் போலவே சன்னம், அறுவடை ஒரு வாரம் முந்தி. இது வீரிய ஒட்டு அல்ல, சொந்த விதை எடுக்கலாம். ஆனால் களத்தில் பி.பி.டி.யோடு கலந்துவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது, எக்ஸ்ஏ21 இருக்கிறதா என்று காட்டும் பி.டி.ஏ248 டி.என்.ஏ. குறியீட்டுச் சோதனைதான் சொல்லும். முதல் விதையைச் சான்று அட்டையோடு வாங்குங்கள், களத்தைத் தனியாக வையுங்கள்.