காட்பாடியில் நிற்கும் வந்தே பாரத்: யாருக்கு வரம், யாருக்குக் குறை

சென்னை–மைசூரு வந்தே பாரத் ரயில்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சென்னைவாசியாகவோ பெங்களூருவாசியாகவோ இருக்கிறார்கள். ஆகவே, இடையில் இருக்கும், வேலூருக்கான ரயில் நிலையமான காட்பாடி அவர்களுடைய எழுத்தில் இரண்டு நிமிட நிறுத்தமாக மட்டுமே வந்துபோகிறது. அந்த நிறுத்தத்தில் ஏறி இறங்குகிற வேலூர்க்காரன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியூரிலிருந்து வேலூருக்கு வருகிறவர்களுக்கு இதைப்போல ஒரு பகல் வண்டி இதற்கு முன் வாய்த்ததில்லை. வேலூரிலிருந்து வெளியூர் போய்த் திரும்ப நினைப்பவர்களுக்கோ அந்தப் பயனில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

முதல் வண்டி 2022 நவம்பர் 11 அன்று பெங்களூருவில் தொடங்கிவைக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் அதுதான். காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு சென்னை சென்ட்ரலில் புறப்பட்டு, ஏழேகால் மணியளவில் காட்பாடிக்கு வந்து, பத்தேகால் மணிவாக்கில் பெங்களூருவை எட்டி, நண்பகலுக்குப் பிறகு மைசூருவில் நிற்கிறது. திரும்பி வரும்போது மாலை ஐந்தரை மணியளவில் காட்பாடியைத் தொடுகிறது. 2024 மார்ச்சில் தொடங்கிய இரண்டாவது வண்டி இதற்கு எதிர்த் திசையில் காலையில் மைசூருவிலிருந்து கிளம்பி, காலை பத்தரை மணிவாக்கில் காட்பாடி வழியாகச் சென்னைக்குப் போகிறது. மாலை ஐந்து மணிக்குச் சென்னையில் புறப்பட்டு ஆறரை மணிக்குள் மீண்டும் காட்பாடிக்கு வந்துவிடுகிறது. இரண்டுமே வாரத்தில் எல்லா நாளும் ஓடுவதில்லை என்பதால், பயண நாளை உறுதி செய்துகொண்டுதான் மற்ற ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும்.

இந்த நேரங்களை வேலூரிலுள்ள சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் ஒரு நாளோடு பொருத்திப் பார்த்தால்தான் இந்த வண்டியின் அருமை புரியும். சென்னையிலிருந்து புறநோயாளியாக வருகிறவர் முன்பெல்லாம் முந்தின நாளே வந்து காந்தி ரோட்டிலோ பாபு ராவ் தெருவிலோ ஒரு லாட்ஜில் தங்குவார். இல்லையென்றால் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாவுக்கும் இடையில் முடிவில்லாமல் நடந்துகொண்டிருக்கும் சாலைப் பணியில் குலுங்கிக் குலுங்கி வந்து சேருவார். இப்போது ஏழேகால் மணிக்குக் காட்பாடியில் இறங்குகிறவர் எட்டு மணிவாக்கில் மருத்துவமனை வாசலில் இருக்கலாம். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மருத்துவரைப் பார்ப்பது, மருந்து வாங்குவது என எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு மாலை வண்டியில் வீடு திரும்பலாம். பெங்களூருவிலிருந்து வருகிறவருக்கும் இரண்டாவது வண்டி ஏறத்தாழ எட்டு மணி நேரத்தை வேலூரில் தருகிறது. ஓர் இரவு அறை வாடகையும் துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் கூலியும் மிச்சமாகும் என்றால், அந்தக் குடும்பத்துக்கு அது சிறிய தொகையே அல்ல.

மாலை நேரத்தில் காட்பாடி நடைமேடையில் நின்று பார்த்தால் ஏறுகிறவர்களில் பலர் யார் என்பதைக் கையிலிருக்கும் பொருளே சொல்லிவிடும். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய உறையை மடியாமல் மார்போடு அணைத்துப் பிடித்தபடி மகளோ மகனோ முன்னால் நிற்பார். பின்னால் பெரியவர் ஒருவர் மெல்ல நடந்து வருவார். பெட்டியின் கதவு திறக்கும்போதே அதன் அடியிலிருந்து ஒரு படிப்பலகை நீண்டு நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் குறைக்கிறது. பழைய பெட்டிகளின் செங்குத்தான இரும்புப் படிகளில் இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தவர் இதில் ஒரு கையை மட்டும் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறிவிடுகிறார். மற்ற வசதிகள் அனைத்தையும்விட இந்தப் படிப்பலகையையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

ஆனால் அதே கதவுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அவை தானியங்கிக் கதவுகள். எல்லாம் மூடிய பிறகுதான் வண்டி நகரும், நகர்ந்த பிறகு திறக்காது. வழியனுப்ப வந்தவர் பையை உள்ளே வைத்துவிட்டு இறங்கலாம் என்று ஏறினால் அடுத்த நிறுத்தம் வரை போக வேண்டியதுதான். பதினாறு பெட்டி கொண்ட வண்டியில் தவறான இடத்தில் நின்றுவிட்டு, இரண்டு நிமிடத்துக்குள் நோயாளியை அழைத்துக்கொண்டு ஓடுவதும் நடவாத காரியம். நடைமேடையிலுள்ள பெட்டி எண் பலகையைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே சரியான இடத்தில் நின்றுவிடுவது நல்லது.

உள்ளே அமர்ந்த பிறகு குறை சொல்ல அதிகம் இல்லை. சாதாரண இருக்கைப் பெட்டியில் ஒரு வரிசைக்கு மூன்றும் இரண்டுமாக ஐந்து இருக்கைகள். எக்ஸிகியூட்டிவ் வகுப்பில் வரிசைக்கு நான்குதான். அவற்றைச் சுழற்றித் திருப்பிக்கொள்ளவும் முடியும். காட்பாடி வரையிலான பயணத்துக்கு அந்தக் கூடுதல் கட்டணம் தேவையில்லை என்பது என் எண்ணம். கழிப்பறைகள் சுத்தமாக இருக்கின்றன. முதியவர்களை அழைத்து வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அழைத்து வந்தவர்களுக்குத்தான் தெரியும். உணவு வேண்டுமா வேண்டாமா என்பதை முன்பதிவின்போதே தேர்ந்தெடுக்கலாம். சென்னையிலிருந்து காட்பாடி வருகிறவர்கள் வேண்டாம் என்று குறிப்பதே உத்தமம், ஏனெனில் தட்டு வந்து உண்டு முடித்துக் கை துடைப்பதற்குள் திருவலத்தைத் தாண்டிவிடுவோம்.

வேகத்தைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதையும் வண்டி ஓடுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சென்னை பெரம்பூரிலுள்ள ஐசிஎஃப் ஆலை 2018இல் உருவாக்கிய இந்த வகை வண்டிக்குத் தனி இன்ஜின் கிடையாது. பாதிப் பெட்டிகளின் அடியில் மோட்டார்கள் இருப்பதால், நின்ற இடத்திலிருந்து விரைவாக வேகம் பிடிக்கிறது. மணிக்கு 160 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது என்றாலும், தண்டவாளம் அனுமதிக்கும் வேகம்தான் வண்டியின் வேகம். அரக்கோணத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையில் அந்த வரம்பு 130. சென்னையிலிருந்து காட்பாடி வரையிலான சுமார் 130 கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்துக்குள் கடக்கும் வண்டி, ஜோலார்பேட்டையைத் தாண்டிக் குப்பம் நோக்கி மேடேறத் தொடங்கியதும் வளைவுகளில் நிதானமாகிவிடுகிறது. காட்பாடி வரையில் இதே தடத்தில் ஓடும் சதாப்தி விரைவு வண்டியைவிடச் சில நிமிடங்கள்தான் மிச்சம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி எங்கள் குறைக்கு வருகிறேன். காலையில் காட்பாடியில் ஏறிச் சென்னையில் உயர்நீதிமன்றத்திலோ தலைமைச் செயலகத்திலோ வேலையை முடித்துக்கொண்டு மாலையில் திரும்ப நினைக்கும் வேலூர்க்காரருக்கு இந்த இரண்டு வண்டிகளில் ஒன்றுகூட உதவாது. சென்னை செல்லும் வண்டி பத்தரை மணிக்குத்தான் இங்கே வருகிறது. சென்ட்ரலை அடையும்போது நண்பகல் தாண்டிவிடும். மாலை ஐந்து மணிக்கே திரும்பும் வண்டி புறப்பட்டுவிடும். பெங்களூரு போகிறவர் காலை வண்டியில் நல்ல நேரத்துக்கே போய்விடலாம் என்றாலும், திரும்பும் வண்டி பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே கிளம்புவதால் ஒரு நேர்காணலையோ அலுவலகக் கூட்டத்தையோ பதற்றமில்லாமல் முடிக்க முடியாது. அன்றாடம் சென்னைக்குப் போய்வரும் சீசன் டிக்கெட்காரர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். முன்பதிவில்லாப் பெட்டி இல்லாத இந்த வண்டியில் சீசன் டிக்கெட் செல்லாது. வழக்கமான விரைவு வண்டிகளின் இரண்டாம் வகுப்பைப்போலப் பல மடங்கு கட்டணத்தை நாள்தோறும் கொடுக்கவும் முடியாது. அவர்களுக்கு என்றும் துணையாக இருப்பவை ஏலகிரி எக்ஸ்பிரஸும் மெமு எனப்படும் குறுந்தொலைவு மின்சார வண்டிகளும்தாம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைதான் ஓடியது. வட ஆற்காட்டு மண்ணை நோக்கியே தொடங்கிய அந்தப் பாதையில், இங்கிருந்து காலை ஆறு மணிவாக்கில் சென்னைக்குப் புறப்படும் ஓர் அதிவிரைவு வண்டியைக் கேட்பது மிகையான ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை.

சிஎம்சியின் ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போக வேண்டியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாலாஜா ரோட்டில் இந்த வண்டி நிற்பதில்லை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் அந்த நிலையத்தைத் தாண்டிக் காட்பாடிக்கு வந்து, பிறகு சாலை வழியாகக் கிழக்கே திரும்பிப் போக வேண்டும். அதைவிட வாலாஜா ரோட்டில் நிற்கும் வேறு வண்டியைத் தேடுவது நல்லது. வேலூர் நகரத்துக்குள் போகிறவர்களுக்கு நிலையத்துக்கு வெளியே பாகாயம் செல்லும் டவுன் பஸ் அடிக்கடி வரும். ஆட்டோவில் ஏறுவதென்றால் கட்டணத்தைப் பேசி முடித்துக்கொண்டு ஏறுங்கள். மாலை ஐந்தரை வண்டியைப் பிடிக்க வேண்டியவர்கள் மருத்துவமனையை விட்டு நான்கரை மணிக்கே கிளம்பிவிட வேண்டும், ஏனென்றால் பள்ளி விட்ட நேரத்தில் பாலாற்றுப் பாலத்திலும் கிரீன் சர்க்கிளிலும் சித்தூர் பஸ் நிறுத்தத்திலும் சிக்கினால், ஆறேழு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆகிவிடும்.