புல்லும் இலையும் நிறைந்த ரெண்டர்: சாம்பிளைக் கூட்டுவதா, டீநாய்சரிடம் விடுவதா?

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் ஒரு நாற்காலியை ரெண்டர் செய்தால் (3டி காட்சியைப் படமாக மாற்றினால்), எந்த டீநாய்சரை (இரைச்சல் புள்ளிகளை நீக்கும் கருவியை) போட்டாலும் படம் சுத்தமாக வந்துவிடும். நிலக்காட்சி அப்படியல்ல. தூரத்துப் புல்லின் ஓர் இதழ் ஒரு பிக்சலைவிடச் சிறியது. அங்கே தெரிவது இரைச்சலா, உண்மையான புல்லா என்று டீநாய்சரால் பிரித்தறிய முடிவதில்லை. சந்தேகம் வந்த இடத்தையெல்லாம் தடவிவிடுகிறது. மலைச்சரிவுக் காடு எண்ணெய் ஓவியம் மாதிரி ஆகிவிடுகிறது.

சாம்பிளை (ஒரு பிக்சலுக்குக் கணக்கிடும் ஒளிக்கதிர்களின் எண்ணிக்கையை) கூட்டினால் இந்த ஆபத்து இல்லை, இல்லாத எதையும் அது இட்டுக்கட்டாது. ஆனால் இரைச்சல் பாதியாகக் குறைய சாம்பிள் 4 மடங்கு வேண்டும், கால்வாசியாகக் குறைய 16 மடங்கு. அதனால் ஓர் அளவுக்கு மேல் மணிக்கணக்கில் காத்திருந்தும் வித்தியாசம் கண்ணில் படாது. இரைச்சல் போதிய அளவு குறைந்த பிக்சலில் கணக்கிடுவதை நிறுத்திவிடும் நாய்ஸ் த்ரெஷோல்டை மட்டும் அணைக்கவே கூடாது. வானம் சில சாம்பிள்களிலேயே முடிந்துவிடும், மிச்ச உழைப்பு மரநிழலுக்குப் போகும்.

டீநாய்சர்களில் என்விடியாவின் ஆப்டிக்ஸ் வேகமானது. வியூபோர்ட்டில் (வேலை செய்யும்போதே பார்க்கும் காட்சித் திரையில்) கேமராவை நகர்த்திப் பார்க்க அருமை, ஆனால் அந்த நிறுவனத்தின் கிராபிக்ஸ் கார்டு இருந்தாக வேண்டும். இன்டெலின் ஓப்பன் இமேஜ் டீநாய்ஸ் எந்தக் கணினியிலும் ஓடும். பிளெண்டர் 4.1 முதல் ஜிபியுவிலும் (கிராபிக்ஸ் கார்டிலும்) ஓடுவதால் மெதுவானது என்ற குறையும் பெருமளவு போய்விட்டது. இறுதிப் படத்துக்கு என் தேர்வு இதுதான், இலை விளிம்புகள் இதில் கூடுதலாகப் பிழைக்கின்றன. ஆல்பிடோ (பரப்பின் நிறம்), நார்மல் (பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது) ஆகிய துணைப்படங்கள் இரண்டையும் கட்டாயம் கொடுங்கள். நிழலுக்குள் இருக்கும் இலையின் வடிவம் அதற்கு அவற்றிலிருந்துதான் தெரிகிறது.

நிலைப்படத்துக்கு நான் முதலில் சொல்வது இன்னொரு வழி. 1920×1080 அளவில் 1024 சாம்பிள் கொடுப்பதற்குப் பதில், 3840×2160 அளவில் 256 கொடுங்கள். மொத்தச் சாம்பிள் எண்ணிக்கை அதேதான், நேரமும் ஏறக்குறைய அதே. ஆனால் ஒரு பிக்சலுக்குள் அடங்கியிருந்த புல் இப்போது நான்கு பிக்சலில் விரிகிறது. டீநாய்ஸ் செய்த பிறகு படத்தைப் பாதி அளவுக்குச் சுருக்கினால், தடவல் இருந்தாலும் பெரும்பாலும் மறைந்துவிடும். நினைவகம் கூடுதலாகப் பிடிக்கும், ஜிபியுவில் இடம் குறைவானவர்கள் பார்த்துச் செய்யுங்கள்.

இரைச்சல் மூடுபனியிலிருந்து வந்தால் இவை எல்லாமே இரண்டாம்பட்சம். வால்யூமை (காட்சிக்குள் நிஜமாக நிரப்பிய மூடுபனியை) எடுத்துவிட்டு, தூரத்தைப் பதிவு செய்யும் மிஸ்ட் பாஸை, ரெண்டருக்குப் பின் படங்களைக் கலக்கும் காம்பாசிட்டரில் கலந்தால் அந்த இரைச்சல் பிறக்கவே பிறக்காது. மரங்களுக்கிடையே இறங்கும் ஒளிக்கற்றை மட்டும் கிடைக்காது. அதுதான் படத்தின் உயிர் என்றால் வால்யூமை வைத்துக்கொண்டு பொறுமையாக ரெண்டர் செய்யுங்கள். தண்ணீரில் மின்னும் ஒற்றை வெள்ளைப் புள்ளிகளுக்கு தெறித்து வரும் ஒளியின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் இன்டைரக்ட் கிளாம்ப் போதும். அதன் மதிப்பை ரொம்பக் குறைத்தால் நீரில் தெரியும் வெளிச்சம் மங்கிவிடும்.

அனிமேஷன் என்றால் கணக்கே மாறுகிறது. ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக டீநாய்ஸ் செய்வதால் இலைகள் கொதிப்பதுபோல் துடிக்கும். இங்கே சாம்பிளில் கஞ்சம் பிடிக்க வேண்டாம். அப்புறம் டீநாய்ஸ் செய்த படத்தோடு மூலப் படத்தையும் கொஞ்சம் கலந்துவிடுங்கள். மெல்லிய கிரெயினை (மணல் தூவியது போன்ற இரைச்சலை) கண் பொறுத்துக்கொள்ளும், துடிக்கும் காட்டைப் பொறுக்காது.